சாவிலிருந்து தொடங்காமல்: ஓவியர் டி.கே. பத்மினி

(பெரம்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். படங்களைத் திரையிட்டு விளக்கிய பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைத்தொழிலிலோ கலையிலோ உழைத்த ஒரு பெண்ணைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை யாராவது பேச வேண்டும் என்று தம் தாயார் நினைவாக இதை ஏற்படுத்தியிருக்கிறார். ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசி வாழ்ந்த ஒருவர் வைத்த மேடையில் ஓர் ஓவியரைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. நான் எடுத்துக்கொண்டவர் டி.கே. பத்மினி.

மலபாரில், பொன்னானி வட்டாரத்துக் கடஞ்சேரி என்ற கிராமத்தில் 1940 மே 12-ஆம் நாள் பிறந்தார். அன்று மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1961-இல் ஓவியம் படிக்கச் சென்னைக்கு வந்தார். மலபாரிலிருந்து சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் அன்றும் இன்றும் அரக்கோணம், வில்லிவாக்கம் கடந்து நம் பெரம்பூர் வழியாகத்தான் போகின்றன. 1955 அக்டோபர் 2-இல் நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். அப்போது ஆறு வயதுக் குழந்தை. பி அண்ட் சி மில்லில் காக்கித் துணி நெய்துகொண்டிருந்தார்கள். அதே ரயில்களில் வேலை தேடி வந்து இங்கேயே தங்கிவிட்ட மலையாளக் குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த அவையில் இருக்கிறார்கள்.

பத்மினி 1969 மே 11-ஆம் நாள் பிரசவத்தில் இறந்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 29 வயது.

அவரைப் பற்றி யார் எழுதினாலும் இந்த மே 11-இலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த நாளின் கனம் அப்படிப்பட்டது. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் அதற்கு முன்னால் அவர் செய்ததெல்லாம் அந்தச் சாவுக்கு முன்னுரையாகிவிடுகிறது. அவர் வரைந்த பெண்களின் முகத்தில் சோகம் தெரிகிறது, அது வரப்போகும் சாவின் நிழல் என்றெல்லாம் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பத்மினியின் மனத்திண்மையை அவர் பட்ட துன்பத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. அவர் செய்த வேலையைக் கொண்டும், அந்த வேலை நடப்பதற்கு என்னென்ன வேண்டியிருந்தன என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும். இதை ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. துயரத்தை வைத்துத் தீட்டும் உருவப்படம்

பெண் ஓவியர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலிக்கு ஒரு வார்ப்பு உண்டு. உலகம் முழுவதும் அந்த வார்ப்பில் அதிகம் ஊற்றப்பட்டவர் மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ. தலையில் பூ, சேர்ந்த புருவம், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும்: தோள்பைகளில் பார்த்திருப்பீர்கள், காபிக் கடைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். 1925-இல் பேருந்து விபத்தில் அவர் உடல் நொறுங்கியது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. 1943-இலிருந்து அவர் மெக்சிகோ நகரத்து ஓவியப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார், நோய் முற்றியபோது மாணவர்களைத் தம் வீட்டுக்கே வரவழைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பையில் அச்சாவது வலி. மாணவனின் கோட்டைத் திருத்திய கை அச்சாவதில்லை.

வண்ணமயமான உருவப்படங்களில் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஒரு பெண்ணின் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாக ஒரு தெருவில் நின்றால் அந்தத் தெருவில் நடக்கிற சிறுமிக்கு அது பெரிய விஷயம். அந்த முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கவலை.

2. கடஞ்சேரியிலிருந்து பெரியமேடு வரை

ஒரு கிராமத்துப் பெண் 1961-இல் ஓவியக் கல்லூரியில் வந்து சேர்ந்ததைப் பிறவித் திறமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அதற்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்தால் அப்படி முடிக்க மனம் வராது.

முதலில் அவருடைய மாமா திவாகர மேனன். மருமகளின் படிப்பைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர். அடுத்தவர் பொன்னானியில் வாழ்ந்த கவிஞர் இடச்சேரி கோவிந்தன் நாயர். வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தபடியே மலையாளத்தின் பெரிய கவிஞர்களில் ஒருவரானவர் அவர். பிள்ளையைத் திருடிய பூதத்திடம் தன் கண்களையே பறித்துக் கொடுக்கும் தாயைப் பற்றிய ‘பூதப்பாட்டு’ அவருடையது. இந்தப் பெண்ணிடம் இருந்தது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதைக் கண்டுகொண்டு ஊக்கம் தந்தவர். மூன்றாமவர், பின்னாளில் கேரளம் முழுவதும் கொண்டாடிய கோட்டோவியர் நம்பூதிரி. அவர் சென்னை ஓவியப் பள்ளியில் ராய் சௌத்ரியிடமும் பணிக்கரிடமும் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். பத்மினிக்கு வரைவதன் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு தாய்மாமன், ஒரு குமாஸ்தாக் கவிஞர், ஊருக்குத் திரும்பி வந்த ஓர் ஓவியர். மூவரும் செல்வர்கள் அல்லர். நாலாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: அரசாங்கம் நடத்திய ஒரு கல்லூரி.

இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியை, சென்ட்ரலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்து போகும் வழியில் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கட்டடங்கள், பெரிய மரங்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி அது. சில ஆண்டுகளில் அரசு எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் அது நம்மைப் போன்ற தொழிற்பேட்டை மக்களுக்கான பள்ளிதான். மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை, அச்சுக்கலை என்று கைத்தொழில்களை வளர்க்க நினைத்த இடம். ஓவியமும் சிற்பமும் அங்கே தலையெடுத்தது பிற்பாடு, தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில். 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பாறையைப் புரட்டும் அந்த நால்வரைப் படைத்தவர் முதல்வராக இருந்த கல்லூரிக்குத்தான் பத்மினி வந்து சேர்ந்தார். அவர் வரும்போது முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கரும் சும்மா வந்தவர் அல்லர். குடும்பம் காப்பாற்றத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு அதே பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, ஆசிரியராகி, 1957-இல் முதல்வரானவர். ஐரோப்பாவைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு நம் கோயில் உலோகச் சிற்பங்களையும் களத்தில் வரையும் பொடிக்கோலங்களையும் சோதிடக் கட்டங்களையும் பாருங்கள் என்று மாணவர்களைத் திருப்பியவர். பின்னாளில் சென்னை இயக்கம் என்று பெயர் பெற்றதன் உயிர்நாடி கோடு. உருவத்துக்கு ஒளியும் நிழலும் கொடுத்து உருட்டித் திரட்டாமல், கோட்டாலேயே அதை நிறுத்துவது. அறுபதுகளில் அந்த வளாகத்தில் ஆதிமூலம் இருந்தார், பாஸ்கரன் இருந்தார். சிற்பி தனபால், முனுசாமி, சந்தானராஜ் ஆகியோர் பாடம் சொன்னார்கள். பெண்கள் சிலர்தான். அனிலா ஜேக்கப், அர்ணவாஸ் என்று விரல்விட்டு எண்ணலாம்.

அந்தச் சிலரில் ஒருவராக இருப்பது எப்படிப்பட்டது? இதை நான் ஊகித்து அலங்கரிக்க விரும்பவில்லை. படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்போம்.

3. அவர் வரைந்த பெண்கள்

(இந்தக் கூறுதான் பேச்சின் நடுப்பகுதி. திரையில் படங்களைக் காட்டியபடி நீண்ட நேரம் பேசியது. இங்கே சாரம்.)

முதலில் வண்ணம். பத்மினியின் பலகையில் மண் அதிகம். காவி, பழுப்பு, நனைந்த களிமண், இருட்டோடு கலந்த பச்சை, எங்கோ ஓரிடத்தில் திடீரென்று ஒரு நீலம். கேரளம் என்றதும் நம் நினைவுக்கு வரும் பளபளத்த பச்சை இதில் இல்லை. மழைக்கால அந்தி, பாம்புக்காவு, ஈரம் ஊறிய சுவர்: இந்த இடங்களின் நிறம் அது. நிலக்காட்சி வரைந்தாலும் மரங்கள் மனிதரைப் போல நெருக்கியடித்து நிற்கும். மனிதர் நின்றால் மரம்போல வேரூன்றி நிற்பர்.

அடுத்தது கோடு. தடித்த, கருத்த கோடு. தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கும்போது ஓரிடத்தில் கனத்து, ஓரிடத்தில் மெலிந்து, மறுபடியும் கனக்கும். அது சென்னைக் கல்லூரி தந்த கோடுதான். ஆனால் அவருடைய ஆண் சகாக்கள் பலரிடம் கோடு வேகத்தைக் காட்டும். பத்மினியிடம் கோடு எடையைக் காட்டுகிறது. அந்தப் பெண்கள் தரையில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். கால்கள் பெருத்தவை. கழுத்து நீண்டது. முகம் நீள்வட்டம். கண்கள் பெரியவை, ஆனால் நம்மைப் பார்ப்பதில்லை.

இந்தக் கண்களைத்தான் சோகம் என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. நம்மைப் பார்க்காத கண் துயரப்படும் கண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? வேலை செய்துகொண்டே வேறொன்றை யோசிக்கும் பெண்ணின் கண் எப்படி இருக்கும்? குழாயடியில் குடம் நிறையக் காத்திருக்கும்போது, ரயிலில் பூக்கட்டிக்கொண்டே வரும்போது, நம் வீட்டுப் பெண்களின் கண் எங்கே இருக்கும்? பத்மினியின் பெண்கள் தங்களுக்குள் இருக்கிறார்கள். பார்க்க வந்தவருக்காக அவர்கள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை அறிய ரவிவர்மாவை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய பெண்களின் பட்டும் நகையும் ஒளியும் பார்ப்பவருக்காகவே அமைந்தவை. நாணும்போதும் அவர்கள் பார்க்கப்படுவதை அறிந்திருக்கிறார்கள். ரவிவர்மாவின் தங்கை மங்களாபாயும் ஓவியர். அண்ணனின் உருவத்தை அவர் தீட்டியது திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அந்த அளவுக்குக் கைதேர்ந்த ஒருவர் அண்ணனின் பெயருக்குப் பின்னால் ஒரு வரியாக நின்றுவிட்டார். மலையாள நாட்டில் பெண் ஓவியருக்குப் பத்மினிக்கு முன்பு கிடைத்த இடம் அது.

பத்மினி நிர்வாணப் பெண்களை வரைந்தார். 1960-களில், மலபார் கிராமமொன்றிலிருந்து வந்த இருபது சொச்சம் வயதுப் பெண். கல்லூரியில் மாடலை வைத்து வரைவது பாடத்தின் ஒரு பகுதி. ஆனால் பாடத்துக்காக வரைவது வேறு, அதையே தம் பொருளாக எடுத்துக்கொண்டு வெளியே காட்சிக்கு வைப்பது வேறு. அந்தப் படங்களில் உடல் யாரையும் அழைக்கவில்லை. ஆடை இல்லாததால் வெட்கமும் இல்லை, வீரமும் இல்லை. நகை கிடையாது. சாதியையும் செல்வத்தையும் காட்டும் அடையாளம் எதுவும் மேனியில் கிடையாது. குளத்தில் இறங்கிக் குளிக்கும் பெண்களுக்குள் பெண்களே பார்த்துக்கொள்ளும் பார்வை அது. கரையில் ஆண் நின்று பார்த்தால் இந்தப் படம் வராது.

இங்கே அம்ரிதா ஷெர்கில்லை நினைக்காமல் இருக்க முடியாது. புடாபெஸ்டில் பிறந்து பாரிசில் படித்த அம்ரிதா 1936-37 குளிர்காலத்தில் தெற்கே பயணம் செய்தார். அஜந்தாவைப் பார்த்தார், திருவிதாங்கூரையும் கொச்சியையும் பார்த்தார், மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களில் மனம் பறிகொடுத்தார். 1937-இல் அவர் தீட்டிய மூன்று பெரிய ஓவியங்கள், அவற்றில் தென்னிந்தியக் கிராமத்தார் சந்தைக்குப் போகும் படமும் ஒன்று, அந்தப் பயணத்தின் விளைவு. பழுப்பு உடல்கள், மௌனமான முகங்கள். பத்மினியின் பெண்களுக்கு அவர்கள் அக்காமார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அம்ரிதா அந்த மனிதர்களைப் பார்க்க வந்தவர். இரக்கத்தோடு, பெரும் திறமையோடு, வெளியிலிருந்து பார்த்தவர். பத்மினி அந்தக் குளக்கரையிலேயே வளர்ந்தவர். அம்ரிதாவின் கிராமத்தார் நம் முன் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். பத்மினியின் பெண்கள் தாங்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். யார் பெரியவர் என்ற கேள்வியே எனக்கு இல்லை. ஓவியத்தில் நிற்கும் இடம் மாறினால் உடலின் எடையே மாறிவிடுகிறது, அதுதான் என்னை வியக்க வைப்பது.

அம்ரிதாவும் 28 வயதில்தான் இறந்தார், 1941 டிசம்பரில், லாகூரில். இருவரையும் ‘அற்ப ஆயுள்’ என்ற ஒரே தட்டில் வைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரே வயதில் இறந்ததைத் தவிர இருவரின் வாழ்க்கைக்கும் என்ன ஒற்றுமை? அம்ரிதாவுக்குப் பாரிசில் படிக்கவைத்த குடும்பம் இருந்தது, சிம்லாவில் வீடு இருந்தது. பத்மினிக்குச் சம்பளம் வேண்டியிருந்தது.

4. சம்பளம்

இது சிறிய கூறு. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் காற்றில் நிற்கும்.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பத்மினி சென்னையில் பள்ளி ஓவிய ஆசிரியராக வேலைக்குப் போனார். டிராயிங் டீச்சர் வேலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். காலையில் மணியடித்தால் போய், கிளி, மாம்பழம், தேசியக் கொடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மாலையில் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் வெளிச்சத்தில்தான் தம்முடைய படம். விடுமுறை நாள்களில் கொஞ்சம் கூடுதல். இப்படிச் சேர்த்த நேரத்தில் தைலவண்ணமும் நீர்வண்ணமும் கோட்டோவியமுமாக 200-க்கும் மேற்பட்ட படைப்புகளை அவர் விட்டுச் சென்றிருக்கிறார். காட்சிகளில் பங்கேற்றார். பரிசுகள் வந்தன, கேரள லலித கலா அகாடமியின் பரிசும் அவற்றில் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து கணக்கிட்டால் எட்டே ஆண்டு. 

அந்த ஆண்டுகளில் அவருடைய தலைமுறை முழுவதற்கும் இருந்த கவலை வயிறுதான். ஓவியம் விற்காத ஊரில் ஓவியனாக எப்படி வாழ்வது? பணிக்கரும் மாணவர்களும் துணியில் பாத்திக் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணலை வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது அப்படித்தான். ஓவியர்கள் தொழிலாளர் கூட்டுறவு போலத் திரண்டு தங்களுக்குக் குடியிருப்பு கட்டிக்கொண்ட கதை அது. தொழிற்சங்கம் என்றால் என்ன என்று தாத்தா காலத்திலிருந்தே அறிந்த இந்தப் பகுதி மக்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1968-இல் பத்மினி ஓவியர் தாமோதரனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரே தொழிலில் இருவர். அந்தக் காலத்தில் அவர் வரைந்த படங்களில் ஒன்றுதான் இன்று எல்லோரும் அறிந்த ‘பட்டம் பறத்தும் பெண்குட்டி’. பட்டம் விடும் ஒரு சிறுமி.

பெரம்பூரில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. வடசென்னை மொட்டைமாடிகளில் நான் வளர்ந்த காலத்தில் காத்தாடி என்றால் உயிர். வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து ஒன்று எழும்பும், ஜமாலியா பக்கத்திலிருந்து ஒன்று எழும்பும், டீல் விழும், அறுந்ததைத் துரத்திக்கொண்டு தெருவே ஓடும். மாஞ்சா நூல் எத்தனை கழுத்தை அறுத்தது என்பதையும் அறிவோம், அதைத் தடை செய்தது சரிதான். நான் சொல்ல வந்தது வேறு. நூல் எப்போதும் அண்ணன் கையில். தங்கையின் கையில் நூல்கட்டை. அவன் இழு என்றால் சுற்ற வேண்டும், விடு என்றால் விட வேண்டும். மேலே அது எவ்வளவு இழுக்கிறது என்ற உணர்வு அவன் விரலுக்கு மட்டும்தான் கிடைக்கும். பத்மினி நூலைச் சிறுமியிடம் கொடுத்திருக்கிறார். இந்தப் படத்தை அவருடைய இறுதி விடைபெறலாக, அறுந்து போகப்போகும் ஆன்மாவாக எழுதுவோர் உண்டு. அந்தச் சிறுமிக்கு அவ்வளவு பாரம் வேண்டாம். அவள் விளையாடுகிறாள். காற்று இழுப்பதைத் தன் கையாலேயே உணர்கிறாள்.

5. மே 11-ஐ எங்கே வைப்பது

இப்போதுதான் அந்த நாளுக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் பவுலா மோடர்சோன்-பெக்கர் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1906 மே 25-இல், தம் ஐந்தாவது திருமண நாளில், பாரிசில் தனியாக இருந்தபோது, இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல், வயிற்றில் கை வைத்து, கருவுற்றவர்போலத் தம்மையே தீட்டினார். அப்போது அவர் கருவுற்றிருக்கவில்லை. ஒரு பெண் ஓவியர் தம் வெற்றுடலைத் தாமே தீட்டிய முதல் படங்களில் அது ஒன்று என்பார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 2-இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. 20-ஆம் நாள், படுக்கையிலிருந்து எழுந்து நடந்த அன்று, இரத்தக் கட்டி அடைத்து இறந்தார். வயது 31. உயிரோடு இருந்தபோது அவர் விற்ற படங்கள் மிகச் சில. விட்டுச் சென்றவை 700-க்கும் மேல்.

அவருக்கு 1927-இல் பிரெமன் நகரத்தில் தனியாக ஓர் அருங்காட்சியகம் எழுப்பினார்கள். ஒரு பெண் ஓவியருக்கென்றே உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகம் அதுதான். பத்து ஆண்டு கழித்து நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆனாலும் பவுலா நின்றார். படங்களைச் சேர்த்து வைத்தவர்கள் இருந்தார்கள், கட்டடம் இருந்தது, பட்டியல் இருந்தது. எனவே இன்று அவரைப் பேசுவோர் படங்களிலிருந்து தொடங்க முடிகிறது.

பத்மினியின் சாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நேராகவே சொல்கிறேன். அது விதி அல்ல, கலைஞரின் சாபமும் அல்ல. பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த நாடு இது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இந்த எண் கீழே இறங்கியது யார் மனத்திண்மையால்? ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் இரவு முழுக்கக் கண் விழிக்கும் செவிலியர்களால், கருவுற்ற பெண்ணை வீடு தேடி வந்து பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியரால், இரத்த வங்கியால், 108 வண்டியால். ஓர் ஓவியர் முப்பதைத் தாண்டி, நாற்பதைத் தாண்டி, நரைத்து, கை நடுங்கும் வரை வரைவதற்குத் தேவைப்படுவனவற்றில் இவையும் சேர்த்தி. மாமா, கவிஞர், ஆசிரியர், அரசுக் கல்லூரி, மாதச் சம்பளம் என்று இதுவரை நான் அடுக்கிய வரிசையில் மகப்பேறு மருத்துவமனையும் வர வேண்டும். அந்தக் கண்ணி மட்டும் பத்மினிக்கு அறுந்துபோனது.

அவர் எப்படித் தாங்கினார் என்று வியப்பது எளிது. அந்த வியப்பில் நமக்குச் செலவு இல்லை. அவருக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று கேட்டால் நாம் செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

படங்கள் பிழைத்தன. குடும்பத்தார் காப்பாற்றினார்கள். பின்னர் கேரள லலித கலா அகாடமி எடுத்துக்கொண்டவை எர்ணாகுளம் தர்பார் ஹால் கலைக்கூடத்தில் காட்சியில் உள்ளன. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் உண்டு. அவருடைய வாழ்க்கை 2018-இல் மலையாளத்தில் திரைப்படமாகவும் வந்தது, அனுமோள் நடித்தார். அவர் படித்ததும் சம்பாதித்ததும் படங்களில் பெரும்பகுதியை வரைந்ததும் சென்னையில். நம் ஊரில் அவர் பெயரை அறிந்தவர்கள் ஓவியர் வட்டத்துக்கு வெளியே எத்தனை பேர்? தமிழில் அவரைப் பற்றி ஒரு முழு நூல், வண்ணப் படங்களோடு, நல்ல தாளில் வர வேண்டும். ஓவியக் கல்லூரி இருக்கும் பெரியமேட்டில் அவருடைய படங்களைக் கேரளத்திலிருந்து இரவல் பெற்று ஒரு மாதமாவது காட்சிக்கு வைக்க வேண்டும். கேரள அகாடமியும் நம் ஓவியக் கல்லூரியும் மனம் வைத்தால் நடக்கக்கூடியதுதான்.

பேச்சு முடிந்தபின் முன் வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், அந்தப் படங்களை நேரில் பார்க்க எர்ணாகுளம் வரை போக வேண்டுமா என்று கேட்டார். அதற்குச் சொன்ன விடையையும் இங்கே சேர்க்கிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்துக் கலைக்கூடத்திலும் பத்மினியின் படைப்பு உண்டு. பணிக்கரையும் தனபாலையும் ஆதிமூலத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம், அவர் எந்தக் கூட்டத்தில் நின்று வரைந்தார் என்பதும் விளங்கும். அறக்கட்டளையார் ஒரு சனிக்கிழமை பேருந்துக்கு ஏற்பாடு செய்தால் நான் உடன் வருகிறேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வர வேண்டும். படத்தின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்கலாம்.